வீரய்யா கங்காணிக்கு ஒரு டிரம்

"டர்ர்ர்... கிண்ண்ண்ங்!"

குச்சி தோலைத் தொட்டு எழுந்துவிட்டது. சத்தம்தான் எழுந்து போக மாட்டேன் என்றது. பித்தளைச் செம்பைக் கருங்கல்லில் போட்ட மாதிரி கூடம் முழுக்கச் சுற்றி வந்து, சுவரில் தொங்கிய மான்கொம்பில் மோதி, கடைசியில் பெரிய கங்காணி வீரய்யாவின் காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"கேட்டியாடா? நான் அடிக்கிறது ஒண்ணு, அது அழுவுறது ஒண்ணு. இதைத் தூக்கிட்டு தொரை முன்னாடி போனா, தகரக் கடைய வாங்கிட்டு வந்துட்டான்னு சிரிப்பாரு."

கந்தப்பன் வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். கருங்குளவித் தேயிலைத் தோட்டத்தில் தப்புப் பறை அடிக்கிற குடும்பத்துக்கு அந்தப் படியோடு எல்லை முடிகிறது.

டிரம் சீமைச் சரக்கு. பித்தளை உடம்பு, மேலும் கீழும் கன்றுக்குட்டித் தோல், கீழ்த்தோலின் மேல் குறுக்கே இழுத்துக் கட்டிய நரம்புகள். அந்த நரம்புகள் தோலில் அதிர்வதால்தான் 'டர்ர்' என்ற மிடுக்கு. எப்போதோ ஒரு பட்டாளத்து பேண்டில் அடிபட்டு, துரை பங்களா மூலையில் கிடந்த கிழட்டு டிரம். சுதந்திரம் வந்த பிறகு பழைய துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். வீரய்யா இரண்டு பொருளை எடுத்தார். ஒன்று இந்த டிரம். இன்னொன்று, பாதை இல்லாத காலத்தில் துரைமாரை உட்கார வைத்து மலைமேல் தூக்கிப்போன மூங்கில் கம்பு வைத்த பிரம்பு நாற்காலி.

இரண்டுக்கும் இப்போது வேலை வந்திருந்தது. வீரய்யாவுக்குக் கங்காணிப் பட்டம் கட்டி இருபத்தைந்து வருஷம். வருகிற வெள்ளிக்கிழமை, கொழுந்து அரைக்கிற ஸ்டோர் வாசலில், தொழிலாளர் முன்னிலையில் துரை தம் கையால் பொன்னாடை போர்த்துகிறார். வீட்டிலிருந்து ஸ்டோர் வரைக்கும் நாற்காலியில் ஊர்வலம். முன்னால் டிரம்.

"மேளக்காரங்க ஸ்டோர் வாசல்ல நிக்கட்டும். வழி நெடுக இது ஒண்ணுதான். சீமைச் சத்தம் மட்டும்தான் கேக்கணும்" என்றார் வீரய்யா. "அட்டன் டவுன் பேண்டுக்காரன் யேசுரட்ணத்தைக் கூப்பிட்டேன். 'டிரம்ம ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க'ங்கிறான். விட்டா அதுக்கு ஞானஸ்நானம் குடுத்துருவான். உனக்குத்தான் தோல் வேலை தெரியுமேடா. தப்புத் தோலும் தோல்தான், இதுவும் தோல்தான். இந்த கிண்ணுங்கிற சனியன எடுத்துடு. அடிச்சா அடி மட்டும் கேக்கணும். பின்னால ஒரு இழுவை வரக்கூடாது."

"கொஞ்சங்கூட வரக்கூடாதுங்களா?"

"மூச்சு விடக்கூடாது!"

கந்தப்பன் தலையை ஆட்டினான். டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. அதைக் கடித்து விழுங்கினான்.

*

கங்காணி வீட்டுப் பின்புற விறகு அறையில் உட்கார்ந்து டிரம்மை மடியில் வைத்தான். மேல் விளிம்பைச் சுற்றி எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தோலை விரலால் சுண்டினான். ஒன்று 'டங்'. அடுத்தது 'டிங்'. எதிர்ப்பக்கம் 'டொய்ங்'. எட்டுப் பேர் எட்டு ராகம். அப்புறம் எப்படி அழாமல் இருக்கும்?

ஒன்றை முறுக்கினான். அடுத்ததற்குப் போகாமல் அதற்கு நேர் எதிரே இருப்பதை முறுக்கினான். பிறகு குறுக்கே. பிறகு அதற்கு எதிரே. சுண்டிப் பார்த்து, கால் திருகு ஏற்றி, அரைக்கால் திருகு இறக்கி, எட்டும் ஒரே குரலில் பேசும்வரை விடவில்லை. ஒரு திருகாணியின் மரை தேய்ந்து உள்ளுக்குள்ளேயே கிலுகிலுத்தது. அதில் மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்டினான். கீழ்த்தோலை மேல்தோலைவிடச் சற்று விறைப்பாக்கினான். நரம்புகளின் பிடியை ஏற்றினான். கடைசியாக மேல்தோலைக் கழற்றி, அடியில் ஓரமாக விரலகலத்துக்கு ஒரு துணிப் பட்டியை இழுத்துக் கட்டி, மறுபடி மூட்டினான்.

அடித்தான்.

'டர்ரப்!'

அவ்வளவுதான். இழுவை இல்லை. ஒப்பாரி இல்லை. நறுக்கென்று வெட்டிய வெள்ளரிக்காய் மாதிரி ஒரு சத்தம். கந்தப்பனுக்கே புல்லரித்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நல்ல சத்தத்துக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு.

அந்த நேரம் பார்த்து விறகு அறைக்கு வெளியே டொக் டொக் என்று கேட்டது. வீரய்யாவின் கைத்தடி. இரும்புப் பூண் போட்ட தடி.

கந்தப்பனின் கை நின்றது.

அந்தப் பூணை அவன் நன்றாக அறிவான். போன வருஷம் அவனுடைய தப்பின் தோலில் இறங்கி மறுபக்கம் வந்த பூண் அது.

அவனை வளர்த்த அக்காள் அழகம்மா காய்ச்சலில் கிடந்து விடியற்காலம் செத்துப்போனாள். தோட்டத்தில் சாவு விழுந்தால் முதல் வேலை தப்படிப்பது. தப்புச் சத்தம் மலை மலையாய் ஏறி, மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று எந்த மலைப் பிரிவில் யார் வேலை செய்தாலும் அவர்கள் காதில் போய் விழும். கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவருவார்கள். கந்தப்பன் தப்பைக் காய்ச்சிக் கையில் எடுத்தான். வீரய்யா தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்கி தோட்டத்தப் பாக்க கம்பெனி விசிட்டிங் ஏஜெண்டு வர்றாரு. நீ தப்படிச்சா அத்தனை பொம்பளையும் கொழுந்த எறிஞ்சிட்டு வந்துருவாளுக. மூச்சு விடாம தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சிடு."

"எங்கக்கா மக மேல்கணக்குல இருக்குதுங்க. ஒத்தப் புள்ள. அதுக்குத் தெரியணுமுங்க..."

"சாயங்காலம் தெரியட்டும்."

கந்தப்பன் குச்சியை ஓங்கினான். தடி அதற்கு முந்திக்கொண்டது. பொத்தல் விழுந்த தப்பைக் காலால் தண்ணீர்ப் பீலிப் பக்கம் தள்ளிவிட்டு வீரய்யா போய்விட்டார்.

பிணத்தோடு போனது ஏழெட்டு ஆம்பிளைகள். பனிக்குள் பேச்சில்லாமல் போனார்கள். அழகம்மாவின் மகள் நாகலெட்சுமி அப்போது எதிரே மேல்கணக்கு மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே பனியில் யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போவதைக் கண்டாள். "என்னாத்தத் தூக்கிட்டுப் போறாங்க? விறகா?" என்று பக்கத்து நிரைக்காரியிடம் கேட்டாள். அது விறகு இல்லை என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் தெரிந்தது.

அவள் கந்தப்பனிடம் கடைசியாகப் பேசியது அன்று சாயங்காலம்.

"தோலுதானே கிழிஞ்சிச்சு? வாய் கிழிஞ்சிச்சா மாமா? ஒரு கூப்பாடு போட்டிருந்தா வந்திருப்பேனே. தப்பு இல்லாட்டி நீங்க ஆம்பிளையே இல்லியா?"

அதற்குப் பிறகு அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. எதிரே வந்தால் வேறு பாதை பிடித்தாள். கந்தப்பன் தப்பைத் தொடுவதை விட்டான். தோட்டத்துச் சாவுகளுக்கு மூக்கன் அடித்தான். சத்தம் கேட்கிற போதெல்லாம், யார் செத்தது என்று கேட்கக்கூட நிற்காமல் நாகலெட்சுமி மேல்கணக்கிலிருந்து ஓடிவருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு முறை ஏமாறக்கூடாது என்கிற ஓட்டம்.

வெளியே தடிச் சத்தம் தேய்ந்து போனது.

கந்தப்பன் எழுந்து லயத்துக்குப் போனான். ஒற்றை அறைக் காம்பிராவில் அக்காளின் கம்பளி கொடியில் தொங்கியது. மழைக்கு அவள் தலையில் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கறுப்புக் கம்பளி. அவன் பெண்சாதி காளியாயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டி கிழித்தான்.

"என்னாத்துக்கு அத கிழிக்கிறீங்க?"

"பெரிய கங்காணிக்கு ஒரு வேலை."

"அந்த ஆளுக்கா? எங்க நாத்தனா கம்பளியவா?" காளியாயி சீறினாள்.

"அவருக்குத்தான். இதுதான் சரியா இருக்கும்."

அவன் முகத்தைப் பார்த்தவள், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

விறகு அறைக்குத் திரும்பினான். மேல்தோலைக் கழற்றி ஓரத்துப் பட்டியை அவிழ்த்து எறிந்தான். கம்பளியை நடு வயிற்றில் குறுக்காகக் கட்டினான், தோலுக்கு ஒரு மயிரிழை கீழே. தோல் விறைப்பாக இருக்கும்வரை கம்பளி அதைத் தொடாது. தொய்ந்தால் தோல் அதன்மேல் படுத்துக்கொள்ளும். மேல்தோலை மறுபடி மூட்டி, கீழ்த்தோலைத் தளர்த்தினான். நரம்புகளை, தோலில் பட்டும் படாமலும் நிற்கிற இடத்தில் விட்டான்.

ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ, பனி பட்டால் தொய்யும். தப்படிக்கிற எவனுக்கும் இது தெரியும். அதனால்தான் அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவான். கருங்குளவித் தோட்டத்தில் காலைப் பனி வெயில் உச்சிக்கு வரும்வரை நகராது.

*

சாயங்காலம் கூடத்துக் கணப்பில் நெருப்பு எரிந்தது. டிரம்மைக் கணப்புக்குப் பக்கத்தில் முக்காலி மேல் வைக்கச் சொன்னார் வீரய்யா. வாசற்படி தாண்டக்கூடாது என்பதால் வேலைக்காரப் பெண் வாங்கிப்போய் வைத்தாள். நல்ல சூடு. கொஞ்ச நேரத்தில் தோல் முறுக்கேறி மின்னியது.

வீரய்யா குச்சியை எடுத்தார்.

'டர்ரப்!'

கண் விரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடி. காதைச் சாய்த்து இழுவையைத் தேடினார். இல்லை.

"அடேய், கைகாரன்டா நீ! எங்கடா போச்சு அந்தச் சனியன்?"

"கட்டிப்போட்டுட்டேனுங்க."

"நீயே அடி வெள்ளிக்கிழமை. பழைய பேண்டுக் கோட்டு ஒண்ணு கிடக்கு, சிவப்பு. போட்டுக்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், உன் தப்புக் கூத்து எல்லாம் வேணாம். ஆடாம குதிக்காம மெதுவா அடி. நாற்காலி தூக்குறவன் இறக்கத்துல வர்றான். அடிக்கு ஒரு எட்டு. ராசா வர்ற மாதிரி இருக்கணும்."

"அடிக்கு ஒரு எட்டு. சரிங்க." கந்தப்பன் கொஞ்சம் தயங்கினான். தயங்குகிற மாதிரி நடித்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. "ஒரு சங்கதிங்க. காலையில பனி எறங்கும். கிளம்புறதுக்கு முன்னாடி வாசல்ல கொஞ்சம் சருகு கொளுத்தித் தோலக் காய்ச்சிக்கிட்டா..."

வீரய்யாவின் முகம் கறுத்தது.

"என் வாசல்லயா? தப்புக்காரன் மாதிரி நெருப்பப் போட்டுக்கிட்டுச் சுத்தி நிக்கவா? டேய், இது சீமை டிரம்முடா! சாவு வீட்டுக்கு அடிக்கிற தப்புன்னு நெனச்சியா? ஒரு தீக்குச்சி கிழிச்சே, தோல உரிச்சிருவேன்."

"இல்லீங்க, பனியில தோலு..."

"வாய மூடு!"

கந்தப்பன் மூடிக்கொண்டான். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. பதில் எப்படி வரும் என்று தெரிந்து கேட்ட கேள்வி அது.

*

வெள்ளிக்கிழமை காலை. பனி லயங்களின் தகரக் கூரையை விழுங்கிவிட்டு, பெரிய கங்காணி வீட்டுக் கொய்யா மரத்தையும் மென்றுகொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

பெண்கள் மேல்கணக்கில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்துகிற நேரத்துக்கு மட்டும் இறங்கிவந்து கை தட்ட வேண்டும் என்பது வீரய்யாவின் உத்தரவு. ஸ்டோர் மணி அடித்தால் வர வேண்டும். அதுவரை கொழுந்து குறையக்கூடாது.

வீரய்யா புது வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பா, கழுத்து நிறைய சாமந்தி மாலை, நெற்றி நிறையத் திருநீறு என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். நாற்காலியைச் சுற்றியும் பூச்சரம். நாலு பேர் மூங்கில் கம்பைத் தோளில் ஏற்றினார்கள். முன்கம்பில் மூக்கன்.

கந்தப்பன் சிவப்புக் கோட்டோடு வெகு நேரமாகவே வாசலில் காத்து நின்றான். டிரம்மும் அவனோடு பனியில் நின்றது. தோலின்மேல் கொசு முட்டை மாதிரி ஈரம் பூத்திருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"ம்... அடி!"

'டொப்.'

ஓர் எட்டு.

'டொப்.'

இன்னோர் எட்டு.

மிடுக்கு இல்லை, கிண்ணென்ற இழுவையும் இல்லை. அடி விழுந்த இடத்திலேயே செத்தது. ஈரக் களிமண்ணில் மண்வெட்டி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பனிக்குள் அது உருண்டு உருண்டு மலைமேல் ஏறியது.

மூக்கன் கம்புக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பினான். "அண்ணே... என்னாண்ணே இது? நான் எழவுக்கு அடிக்கிற மாதிரியே இருக்கு?"

"நீ தூக்கு."

"அடி மெதுவா வேற இருக்கு..."

"அவரு சொன்ன அடி. தூக்குடா."

மேலே நாற்காலியில் வீரய்யாவுக்கும் ஏதோ உறுத்தியது. "டேய், சத்தம் ஏன்டா இப்படி அமுங்குது?"

"இழுவை வேணாம்னீங்களே?"

"இன்னும் கொஞ்சம் பலமா அடி!"

பலமாக அடித்தான். டொப். டொப். டொப். இப்போது மலை முழுக்கக் கேட்டது.

மேல்கணக்கில் ஒரு பெண் கையை நிறுத்தினாள். "அடியே, சத்தம் கேக்குதா?"

"எழவுச் சத்தம்லடி! எங்கயிருந்து வருது?"

"பெரிய கங்காணி வீட்டுப் பக்கத்துல இருந்து."

"ஐயையோ! இன்னிக்கிப் பார்த்தா? பொன்னாடை போத்துற நாளாச்சே?"

"நேத்தே நெஞ்ச புடிச்சிக்கிட்டு நின்னாருன்னு சொன்னாங்க." அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

பனி ஒரு பக்கம் லேசாகக் கிழிந்தது. கீழே பாதை தெரிந்தது. நாலு பேர் தோளில் ஒரு நாற்காலி. பூச்சரம். வெள்ளைத் துணி. மாலை போட்டு, திருநீறு பூசி, அசையாமல் உட்கார வைத்த ஓர் உருவம். முன்னால் அடிக்கு ஓர் எட்டு. மறுபடி பனி மூடிக்கொண்டது.

பார்த்தது போதாதா? பழைய பெரிய கங்காணியை, வீரய்யாவின் அப்பனை, செத்தபோது இப்படித்தான் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். அன்று தோட்டம் முழுக்க வேலை நின்றது. இன்றைக்கும் நிற்க வேண்டியதுதான் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. கூடையைத் தாங்கிய தலைக் கயிறு கழன்றது. கூடைகள் நிரைக்குள்ளேயே இறங்கின. மலையே சரிந்துவருவது போல் பெண்கள் இறங்கினார்கள், வாயில் முந்தானையும் கண்ணில் தண்ணீருமாக. பெரிய கங்காணி மேல் அவ்வளவு பிரியமா என்று கேட்காதீர்கள். சாவென்றால் அழுவதுதான் முறை. அப்புறம் அரை நாள் லீவு வேறு.

எல்லாருக்கும் முன்னால் நாகலெட்சுமி ஓடிவந்தாள்.

*

துரை ஸ்டோர் வாசலில் நின்றார். கையில் பொன்னாடை. பக்கத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை செல்லசாமி, நாதஸ்வரத்தைத் துடைத்துக்கொண்டு மேளக்காரர்கள். பழையவருக்குப் பின்னால் வந்த இந்தத் துரையும் வெள்ளைக்காரர்தான், ஸ்கொட்லாந்துக்காரர். தோட்டத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சாவுக்கு எந்தச் சத்தம், கலியாணத்துக்கு எந்தச் சத்தம் என்று அவருக்கும் தெரியும்.

டொப். டொப்.

துரை நிமிர்ந்தார். பனிக்குள்ளிருந்து பெண்களின் ஒப்பாரி கிளம்பியது. வர வர அது பெருத்தது. துரை மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பெரிய கங்காணி செத்துப் போச்சி?" என்றார் கண்டாக்கையாவிடம். "எப்போ? நேத்து நல்லா இருந்திச்சி!"

கண்டாக்கையா பனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவரும் தொப்பியைக் கழற்றினார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மெல்ல உறைக்குள் வைத்தார்.

பனியைக் கிழித்துக்கொண்டு நாற்காலி வந்தது. இரு பக்கமும் மார்பில் அடித்துக்கொண்டு பெண்கள். "எங்க ராசா போயிட்டீங்களே!" என்று ஒருத்தி கம்பைப் பிடித்துத் தொங்கினாள்.

வீரய்யா இதுவரை இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துப் புரியாமல் விழித்தவர், சட்டென்று நாற்காலியில் எழுந்து நின்றார்.

"அடியே! நான் சாகலடி! உசிரோடதான்டி இருக்கேன்!"

மாலை போட்ட பிணம் எழுந்து நின்று கத்தினால் யார்தான் நிற்பார்கள்? பின்கம்புக்காரர்கள் இரண்டு பேரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். நாற்காலி பின்பக்கம் தடாலென்று இறங்கியது. மூக்கன் மட்டும் முன்கம்பைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரிடமோ சொன்னான். தலைப்பா உருண்டு போய்க் வடிகால் கானில் விழுந்தது. வீரய்யா சாய்ந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். மாலை மூக்கை மூடியது.

பெண்கள் மார்பிலிருந்து கையை எடுத்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

கந்தப்பனின் குச்சி நின்றது. இந்தக் கூத்துக்குத்தான் அவன் ஆசைப்பட்டான். அது அவன் நினைத்ததைவிடப் பிரமாதமாகவே நடந்தது. ஆனால் முன்வரிசையில் மூச்சிரைக்க நின்ற நாகலெட்சுமியைப் பார்த்ததும் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள்தான் முதலில் ஓடிவருவாள் என்று தெரிந்த அவனுக்கு, அவளையும் சேர்த்து ஏமாற்றுகிறோம் என்று இந்தக் கணம்வரை உறைக்கவில்லை.

நாகலெட்சுமி நாற்காலியில் கிடந்தவரைப் பார்த்தாள். மாமனின் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். தோலும் வளையமும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒரு நூல் பிசிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதை விரலால் தொட்டாள். அந்த முரட்டுக் கம்பளியில் அவள் குழந்தையாய்ச் சுருண்டு தூங்கியிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். வீரய்யாவின் காலடியில், ஈரத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எதுத்த மலையிலதான் எலபறிச்சு நின்னேனே
என்னப் பெத்த மகராசி எதுத்தாப்புல போனாளே
தப்பு ஒண்ணு கேக்கலியே தாயாருன்னு தெரியலியே
தப்பக் கிழிச்ச மகராசன் தண்டிகையில் வாராரே..."



கந்தப்பனின் கை தானாக எழுந்தது. இந்த முறை பெரிய கங்காணி சொன்ன அடி இல்லை. அடிக்கு ஓர் எட்டு இல்லை. அன்றைக்குக் காய்ச்சி வைத்து அடிக்காமல் போன அடி. டொப்-டொப்-டுப்பு. டொப்-டொப்-டுப்பு. ஒருத்தி வந்து நாகலெட்சுமியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் வந்தாள். காளியாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நடுவில் விழுந்தாள். நிறைய நேரம் ஆகவில்லை, ஸ்டோர் வாசலே எழவு வீடாகிவிட்டது. இப்போது யாருக்காக அழுகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நடுவில் மாலையோடு வீரய்யா. எழுந்து போகலாம் என்றால் சுற்றிலும் பெண்கள். ஒப்பாரி வைக்கிற வட்டத்தைத் தாண்டிப் போக அவருக்கும் தைரியம் இல்லை.

"இது யாருக்கு அழுவுது?" என்றார் துரை. தொப்பி இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

கணக்கப்பிள்ளை செல்லசாமி தொண்டையைக் கனைத்தார். "அழகம்மான்னு ஒரு பொம்பளைங்க. விசிட்டிங் ஏஜெண்டு வந்த அன்னிக்கிச் செத்துச்சுங்க. பெரிய கங்காணி தப்படிக்க விடலீங்க. மகளுக்குக்கூடச் சொல்லலீங்க."

"எனக்கும் சொல்லலை" என்றார் துரை.

அவர் அழுகை முடியும்வரை நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பொன்னாடையை நாலாக மடித்துக் கண்டாக்கையாவின் கையில் வைத்துவிட்டு, பங்களாவைப் பார்க்க நடந்தார். நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை.

*

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வீரய்யா துள்ளிக் குதித்தார். கந்தப்பனின் பேரைத் தோட்டத்துப் பதிவிலிருந்து வெட்ட வேண்டும் என்றார். என்ன குற்றம் என்று கண்டாக்கையா கேட்டார். டிரம் சரியாக அடிக்கவில்லை என்றார் வீரய்யா.

"என்ன சரியில்ல? கிண்ணுன்னு சத்தம் வந்திச்சா?"

"வரலீங்க..."

"அதைத்தானே எடுக்கச் சொன்னீங்க?"

"பனியில தோல் தொஞ்சு போச்சுங்க!"

"காய்ச்சணும்னு கந்தப்பன் சொல்லலியா?"

வேலைக்காரப் பெண் வாயிலாக அந்தக் கதை அதற்குள் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெரட்டில் நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

இருந்தாலும் பெரிய கங்காணி பெரிய கங்காணிதான். பேரை வெட்ட முடியாவிட்டாலும் ஆளை மாற்றலாமே. குளிர் அதிகம், ஏற்றம் அதிகம், அட்டை அதிகம் என்று ஆம்பிளைகள் யாரும் போக விரும்பாத மேல்கணக்குக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட கந்தப்பனைத் தள்ளினார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை சொன்னார். "அந்த டிரம்ம மறுபடியும் பழைய மாதிரி கிண்ணுங்க வச்சுடு. அப்படியே அழுதுகிட்டுக் கிடக்கட்டும். அமுக்குன சத்தம் என் வீட்டுல கேக்கவே கூடாது."

கந்தப்பன் கம்பளியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். எட்டுத் திருகாணியையும் எட்டு ராகத்துக்கு விட்டான். வீரய்யா அடித்துப் பார்த்தார்.

'டர்ர்ர்... கிண்ண்ண்ங்!'

சத்தம் ஜன்னல் வழியாக லயத்துக்கு இறங்கிப் போனது. கீழே பீலிக் கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, குடத்தை இடுப்பில் ஏற்றியபடி உரக்கச் சொன்னாள்:

"கேட்டியாடி? பெரிய கங்காணி உசிரோடதான் இருக்காராம்!"

பீலிக்கரை முழுக்கச் சிரித்தது. வீரய்யா குச்சியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் அந்த டிரம்மை அடித்து யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கந்தப்பன் கவ்வாத்துக் கத்தியோடு மேல்கணக்கு ஏறினான். உச்சியில் நிரையோரம் நாகலெட்சுமி நின்றாள். வேறு பாதை பிடிக்கவில்லை. அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"உன்னையும் சேத்து ஓட வச்சிட்டேன் ஆத்தா" என்றான்.

"ஓடி வந்தது நல்லதாப் போச்சு. முகத்துக்கு நேரா அழ முடிஞ்சிச்சு." அவள் கையை நீட்டினாள். "அம்மா கம்பளிய கொண்டாந்தீங்களா மாமா?"

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அந்தப் பட்டியை உதறி, தலைக் கயிறு அழுத்துகிற இடத்தில் முந்தானைக்கு மேல் மடித்து வைத்துக்கொண்டு கூடையை மாட்டினாள்.

"ரொட்டி கட்டிட்டு வந்தீங்களா, இல்ல கம்பளியக் கிழிச்சதுக்கு அத்தை இன்னும் கோவமா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே நிரைக்குள் இறங்கினாள்.